டக்டட் ஃபேன் ஜெட்டில் அதிர்வைக் குறைப்பது: ஷாஃப்ட்டிலிருந்து ஃபியூஸ்லாஜ் வரை முழு வழிகாட்டி

ஃபேன் ஜெட் (குழாய் மாதிரிக் கூட்டுக்குள் சுற்றும் சின்ன ஃபேனால் பறக்கும் ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம்) அதிர்கிறது என்றதும் நம்ம ஆட்கள் முதலில் கையில் எடுப்பது செல்லோ டேப். ரோட்டரை, அதாவது பிளேடுகள் உள்ள சக்கரத்தை, கழற்றி, மேக்னடிக் பேலன்சரில் (எந்தப் பக்கம் கனம் என்று காட்டும் காந்தத் தாங்கி) மாட்டி, மேலே போய் நிற்கிற பிளேடில் ஒரு துண்டு ஒட்டித் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தால் அதே அதிர்வு, சில சமயம் முன்பைவிட மோசம். டேப் ஒட்டுவது தப்பில்லை. ஆனால் அது மூன்றாவது வேலை. அதற்கு முன்னால் மோட்டாரும், ரோட்டரை அதோடு இணைக்கும் அடாப்டரும் இருக்கின்றன, அந்த இரண்டையும் பார்க்காமல் ஒட்டுகிற டேப் வேறெங்கோ இருக்கும் கோளாறை மூடி வைக்கத்தான் பயன்படும். மையத்தை முதலில் சரி செய்யுங்கள், எடையை அப்புறம் பாருங்கள், மவுண்ட்டுக்கு அதற்கும் பிறகு வாருங்கள்.

கீழே சொல்வதெல்லாம் இன்றைக்கு அதிகம் பேர் கட்டுகிற 70 மி.மீ., 12 பிளேடு, 6 செல் லிப்போ பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் ஃபேனை மனதில் வைத்துத்தான். 64க்கும் 90க்கும் முறை அதேதான், எண்கள்தான் மாறும். நைட்ரோ என்ஜின் போட்ட பழைய ஃபேனுக்குக் கடைசியில் கொஞ்சம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை கவனம் எதற்கு?

ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம். சுற்றும் பொருளில் ஒரு பக்கம் எடை கூடினால் அது வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, அந்த எடை, மையத்திலிருந்து அது இருக்கும் தூரம், கோண வேகத்தின் வர்க்கம், இந்த மூன்றின் பெருக்கல். 30 மி.மீ. தூரத்தில் வெறும் 0.1 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11,000 ஆர்பிஎம்மில் சுற்றும் சாதாரண புரொப்பெல்லரில் அது சுமார் 400 கிராம் விசை. அதே 0.1 கிராம், 40,000 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபேனில் 5 கிலோவைத் தாண்டுகிறது. அதுவும் ஒரே பக்கம் இழுப்பதில்லை, ஒரு நொடிக்கு 667 முறை திசை மாறி மாறி இழுக்கிறது. புரொப் விமானத்தில் கண்ணுக்கே தெரியாத பேலன்ஸ் பிசகு, இங்கே பேரிங்கைத் தின்று, ஸ்குரூவைக் கழற்றி, விமானத்தை நிலைப்படுத்தும் கைரோவைக் குழப்பி, கடைசியில் பிளேடையே உடைக்கும்.

கோயமுத்தூரில் பம்ப் இம்பெல்லர் பேலன்ஸ் பண்ணுகிறவர்களிடம் கேட்டால் ஐஎஸ்ஓ 1940 தரத்தில் ஜி 6.3 என்று ஒரு கிரேடு சொல்வார்கள். அதையே நம் ஃபேனுக்குப் போட்டால், ரோட்டரும் மோட்டார் பெல்லும் (மோட்டாரின் சுற்றும் வெளிக்கூடு) சேர்ந்து 120 கிராம் என்று எடுத்துக்கொண்டு, 40,000 ஆர்பிஎம்முக்கு, பிளேடு நடுப்பகுதியில் அனுமதிக்கப்படும் எடைப் பிசகு 6 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சதுர செல்லோ டேப் அவ்வளவுதான் இருக்கும். பம்புக்குப் போதும் என்கிற கிரேடுக்கே இந்த நிலைமை.

முதலில் அளக்கும் வழி

கை வைத்துப் பார்த்து "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வது வேலைக்காகாது. ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் ஒரு எண் வேண்டும். அதற்கு நிறைய செலவு ஆகாது.

போனில் இருக்கும் ஆக்சிலரோமீட்டரை வைத்து அளக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஃபுல் திராட்டிலில் (முழு வேகத்தில்) அது பொய் சொல்லும். பெரும்பாலான போன்களில் அந்த சென்சார் நொடிக்கு 100 முதல் 500 முறைதான் படிக்கிறது, அதில் பாதிக்கு மேற்பட்ட அலைவரிசையை அதனால் சரியாகக் காட்ட முடியாது, நம் ஃபேனோ 667 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. திரையில் ஏதோ ஒரு எண் வரும், அது எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதே போனின் மைக் நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை படிக்கும். அதனால் ஃபைஃபாக்ஸ், ஸ்பெக்ட்ராய்டு மாதிரி இலவச ஆப் ஒன்றைப் போட்டு ஒலியின் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 12 பிளேடு ஃபேன் 40,000 ஆர்பிஎம்மில் ஓடினால் 8,000 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய முனை தெரியும், அது பிளேடுகள் காற்றை வெட்டும் சத்தம், எப்போதும் இருக்கும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதை 12 ஆல் வகுத்தால் வரும் 667 இடத்தில் ஒரு முனை நிற்கிறதே, அதுதான் பேலன்ஸ் பிசகின் கையெழுத்து. ரோட்டர் சரியாக ஆக ஆக 667 கீழே இறங்கும், 8,000 அப்படியே இருக்கும். ஆர்பிஎம் மீட்டர் இல்லாமலே ஆர்பிஎம்மும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ டிஸ்க் ஒன்றை வாங்கி ஃபேன் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) ஒட்டி, வயரை மைக் சாக்கெட்டுக்குக் கொடுங்கள். சுற்றுப்புறச் சத்தம் குறைந்து அதிர்வு மட்டும் பெரும்பாலும் வரும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் ஏடிஎக்ஸ்எல் 345 சென்சாரை ஆர்டுயினோவில் இணைக்கலாம், அது நொடிக்கு 3,200 முறை படிக்கும், நமக்குப் போதும்.

செலவே இல்லாத வழி லேசர் பாயிண்டர். ஹவுசிங்கில் சின்னக் கண்ணாடிச் சில்லு ஒன்றை டபுள் சைடு டேப்பால் ஒட்டி, லேசரை அதில் அடித்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் புள்ளியை நாலைந்து மீட்டர் தள்ளிச் சுவரில் விழ வையுங்கள். ஃபேன் ஓடும்போது புள்ளி கோடாகவோ வட்டமாகவோ விரியும். பென்சிலால் அதன் நீளத்தைச் சுவரில் குறித்துவிட்டால் அதுவே உங்கள் அளவுகோல். சாயங்காலம் இருட்டினதும் செய்தால் நன்றாகத் தெரியும்.

எந்த முறையானாலும் ஃபேனை வைஸில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஒரு பிளைவுட் பலகையில் ஸ்குரூ போட்டு, பலகையைத் தடிமனான ஸ்பாஞ்சின் மேல் வைத்து, திரஸ்ட்டில் ஓடிப்போகாமல் கயிறு கட்டி விடுங்கள். இறுக்கினால் அதிர்வு மறைந்துவிடும், தளர்வாக விட்டால்தான் முழுசாக வெளியே தெரியும். திராட்டிலுக்கு ரேடியோ வேண்டாம், சர்வோ டெஸ்டர் போதும், குமிழில் ஒரு குறி போட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள். பேட்டரியையும் அதே சார்ஜில் வைக்க வேண்டும், ஏனென்றால் வேகம் 5 சதவீதம் இறங்கினாலே விசை 10 சதவீதம் இறங்கும், நீங்கள் பேலன்ஸ் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

படி 1: ரோட்டர் இல்லாமல் மோட்டார்

ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். காந்த இழுப்பு விட்டுவிட்டு வருவது இயல்பு, அதற்கு நடுவே மணல் நெருடுகிற மாதிரி இருந்தால் பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், துளிகூட ஆடக்கூடாது. முன்னும் பின்னும் மயிரிழை நகரலாம், டக் டக்கென்று தட்டினால் பின்னால் இருக்கும் சர்க்கிளிப்பையும் வாஷரையும் பாருங்கள்.

அப்புறம் மோட்டாரை மட்டும் ஓட்ட வேண்டும். கவனம்: லோடு இல்லாமல் 6 செல்லில் ஓட்டாதீர்கள். 2,300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 2,300 ஆர்பிஎம்) மோட்டார் அதில் 50,000ஐத் தாண்டிப் போகும். 3 செல் போட்டால் அதிகபட்சம் 29,000 பக்கம்தான், சோதனைக்கு அதுவே தாராளம். இந்த நிலையிலேயே லேசர் புள்ளி விரிந்தால் மோட்டாரில்தான் கோளாறு. இப்போது ரோட்டரில் டேப் ஒட்டி என்ன பயன்?

அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுற்றும் மோட்டார்) என்றால் நீங்களே சரி செய்யலாம். பெல்லைச் சுற்றி ஒரு சின்னக் கேபிள் டையை இறுக்கி, வாலை ஒட்ட வெட்டிவிட்டு, குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். டையின் தலைப்பகுதிதான் எடை. அதைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி எங்கே வைத்தால் புள்ளி சுருங்குகிறது என்று பார்த்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, டையைக் கழற்றிவிட்டு, பெல்லின் உள்பக்கத்தில் காந்தங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் துளி அரால்டைட் வைத்து 24 மணி நேரம் காயவிடுங்கள். பெல்லைத் திறந்திருக்கும்போதே எல்லாக் காந்தமும் உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். இன்ரன்னரில் சுற்றும் பகுதி உள்ளே இருப்பதால் இதெல்லாம் நடக்காது, பேரிங் மாற்றலாம், இல்லையென்றால் மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

திராட்டில் ஏற்றும்போது மட்டும் "கர்ர்" என்று ஒரு உதறல் வந்து அப்புறம் சரியாகிவிட்டால் அது பேலன்ஸே இல்லை. ஈஎஸ்சியின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) டைமிங்கும் ஸ்டார்ட் அப் செட்டிங்கும் மோட்டாரோடு ஒத்துப்போகவில்லை. புரோகிராம் கார்டில் டைமிங்கை ஒரு படி மாற்றிப் பாருங்கள்.

படி 2: அடாப்டர்

என் கணிப்பில் நம் ஊரில் அதிர்கிற ஃபேன்களில் அதிகம் குற்றவாளி இதுதான், இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. மோட்டார் ஷாஃப்ட்டையும் ரோட்டரையும் இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு மையம் தப்பினால் மொத்த ரோட்டரும் மையம் தப்பும். ரோட்டரும் அதன் முன்னால் இருக்கும் கோனும் சேர்ந்து 40 கிராம், மையம் 0.02 மி.மீ. விலகல் என்றால் அந்த விசை 40,000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 1.4 கிலோ. 0.02 மி.மீ. என்பது ஏ4 தாளின் தடிமனில் ஐந்தில் ஒன்று.

அளக்க 0.01 மி.மீ. டயல் கேஜும் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) மேக்னடிக் ஸ்டாண்டும் வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டிய அவசியமில்லை, இதில்தான் நமக்குக் கொங்கு நாட்டில் பிறந்த யோகம். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ குறிச்சி சிட்கோவிலோ எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் டயல் கேஜ் இருக்கும், பொழுதன்னைக்கும் அதை வைத்து வேலை செய்கிற ஆளும் இருப்பார். மோட்டாரை ஃபேன் ஹவுசிங்கோடு கொண்டு போங்கள். கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்காரர் முதலில் ஷாஃப்ட்டில் முள்ளை வைத்துச் சுற்றினார், முள் அசையவில்லை. அடாப்டரை மாட்டி அதன்மேல் வைத்தார், முள் ஆறு கோடு போய்த் திரும்பியது. "தம்பி, ஷாஃப்ட்டு சுத்தமா நிக்குதுங்க, இந்தத் துண்டுதான் ஆடுது. ஸ்குரூ ஒரு பக்கமா நெட்டுது பாருங்க" என்று முள் உச்சிக்கு வந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு, அடாப்டரை ஷாஃப்ட்டில் இறுக்கும் கிரப் ஸ்குரூவுக்கு (தலையில்லாத சின்ன ஸ்குரூ) நேர் எதிரே இல்லாமல் ஸ்குரூ இருக்கும் பக்கத்திலேயே விழுந்தது. "நீங்க இறுக்க இறுக்க அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போகுது" என்றார்.

விஷயம் அதுதான். கிரப் ஸ்குரூ அடாப்டரில் ஷாஃப்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி முழுவதும் ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். 4 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 4.04 ஓட்டை என்றால் 0.02 மி.மீ. விலகல் உறுதி. அதனால் முடிந்தவரை காலட் வகை அடாப்டர் வாங்குங்கள், அது சுற்றிலும் சமமாகக் கவ்வும். கிரப் ஸ்குரூதான் கையில் இருக்கிறது என்றால் எதிரெதிரே இரண்டு ஸ்குரூ உள்ளதை எடுத்து, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கி மையத்துக்குக் கொண்டுவரலாம், பொறுமை வேண்டும். ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் லேத்தில் ஷாஃப்ட் அளவுக்கு நெருக்கமாகப் புதிய அடாப்டர் கடைந்து தரச் சொல்லுங்கள், ஓட்டையையும் ரோட்டர் உட்காரும் வெளிப்பகுதியையும் ஒரே பிடியில் கடையச் சொல்ல வேண்டும், திருப்பி மாட்டிக் கடைந்தால் அங்கேயே மையம் போய்விடும்.

முள்ளின் மொத்த ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் வந்தால் மேலே போகலாம். 0.02 வந்தால் சந்தோஷம். முள்ளின் ஆட்டத்தில் பாதிதான் உண்மையான மைய விலகல் என்பதை மறக்க வேண்டாம். அடாப்டரை ஷாஃப்ட்டில் அப்படியே விட்டுவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பின்னால் கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வர வேண்டும்.

படி 3: ரோட்டர்

இப்போது டேப்பை எடுக்கலாம். ஆனால் அதற்கும் முன் ரோட்டரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிளேடு அடியில் முடி மாதிரி விரிசல், நுனியில் சிதைவு, வார்ப்பில் வந்த பிசிறு. பிசிறு இருந்தால் பிளேடால் சுரண்டிவிடலாம். விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒரு பிளேடு ஒன்றரை கிராம் என்றாலும் அந்த வேகத்தில் அதன் அடிப்பகுதியை இழுக்கும் விசை 60 கிலோவுக்கு மேல்.

மேக்னடிக் பேலன்சரில் மாட்டுங்கள். ஜன்னலைச் சாத்தி சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள், ஆடி மாதம் பல்லடம், உடுமலை பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவிடுக்கில் வந்தாலே ரோட்டர் தானாகச் சுற்றும். கனமான பக்கம் கீழே போகும். ரோட்டரை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை எதிர்ப் பக்கத்தில் எடை சேர்க்க வேண்டும்.

எங்கே சேர்ப்பது என்பதில்தான் விஷயம். பிளேடு மேல் ஒட்டிய எதுவும் நிற்காது. 30 மி.மீ. தூரத்தில் 40,000 ஆர்பிஎம்மில் புவியீர்ப்பைப் போல 50,000 மடங்குக்கு மேல் இழுவை, 10 மில்லிகிராம் டேப் அரைக் கிலோவாக இழுபடுகிறது. பிய்த்துக்கொண்டு போனால் பேலன்ஸும் சேர்ந்து போகும். எடையை ஹப்பின் (ரோட்டரின் நடுக்கிண்ணம்) உள்சுவரில் வையுங்கள். அங்கே அந்த விசை எடையைப் பிய்க்காது, சுவரோடு சேர்த்து அழுத்தும். முதலில் டேப்பை வைத்து அளவு பார்த்துவிட்டு, அப்புறம் அதே எடைக்கு அரால்டைட் வையுங்கள். ஹப் மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எடை இரட்டிப்பாகத் தேவைப்படும், அதனால் என்ன, நுணுக்கமாகச் சரிசெய்ய அது நல்லதுதான்.

மில்லிகிராம் அளக்க எங்கே போவது என்று கேட்காதீர்கள். கோயமுத்தூரில் நகை வேலை செய்கிற யாரிடமும் மில்லிகிராம் தராசு இருக்கும். சின்னப் பாக்கெட் தராசு ஆன்லைனிலும் கிடைக்கிறது.

எடையைக் குறைக்கிறேன் என்று பிளேடைத் தேய்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீறல் விழுந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

படி 4: இரண்டையும் சேர்த்து

பேலன்சரில் நின்ற ரோட்டர் மோட்டாரில் மாட்டியதும் மறுபடி அதிரலாம், ஏனென்றால் மோட்டாரில் மிச்சம் கொஞ்சம், அடாப்டரில் கொஞ்சம், கோனில் கொஞ்சம் என்று எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாம். எளிதான வைத்தியம், ரோட்டரை அடாப்டரின்மேல் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி மாட்டி நான்கு இடத்திலும் அளந்து குறைவாக வருவதை வைத்துக்கொள்வது. கோனையும் அதே மாதிரி. பல சமயம் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் நாலு ஓட்ட முறைதான் வழி. பெரிய கம்பெனிகளில் பெரிய ஃபேனுக்குச் செய்வதும் இதுவே, ஒரு காம்பஸும் தாளும் போதும். பிளேடுகளுக்கு 1 முதல் 12 வரை எண் போடுங்கள். பாதித் திராட்டிலில் ஓட்டி அதிர்வைக் குறியுங்கள், 10 என்று வந்ததாக வைப்போம். அப்புறம் 20 மில்லிகிராம் எடையை 1ஆம் பிளேடுக்கு நேராக ஹப்புக்குள் வைத்து ஓட்டுங்கள், 14.5 வருகிறது. அதை எடுத்து 5க்கு நேராக வைத்தால் 11.2. 9க்கு நேராக வைத்தால் 6.2.

தாளில் 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு அதன் விளிம்பில் பிளேடுகளின் 12 இடங்களையும் குறியுங்கள். 1ஐ மையமாக வைத்து 14.5 ஆரத்தில் ஒரு வட்டம், 5ஐ மையமாக வைத்து 11.2இல், 9ஐ மையமாக வைத்து 6.2இல். மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும், நடைமுறையில் ஒரு சின்ன முக்கோணமாக வரும், அதன் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து அந்தப் புள்ளி எந்தப் பிளேடு பக்கம் இருக்கிறதோ அங்கேதான் எடை வைக்க வேண்டும். இந்த உதாரணத்தில் அது 8ஆம் பிளேடு, தூரம் 5 செ.மீ. எவ்வளவு எடை? சோதனை எடையை முதல் அளவால் பெருக்கி இந்தத் தூரத்தால் வகுங்கள்: 20 × 10 ÷ 5 = 40 மில்லிகிராம். சோதனை எடை வைத்த அதே ஆழத்தில், அதே தூரத்தில் வையுங்கள். மூன்று வட்டமும் சந்திக்கவே இல்லை என்றால் எங்கோ ஏதோ தளர்வாக இருக்கிறது, பேலன்ஸை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள்.

வெளியே கொடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பம்ப் இம்பெல்லர் பேலன்ஸ் பண்ணும் மெஷின் கிலோக்கணக்கான பொருளுக்கு ஆனது, 40 கிராம் ரோட்டரை அது கண்டுகொள்ளாது. டர்போசார்ஜர் ரிப்பேர் பார்க்கும் கடையை விசாரியுங்கள். லாரியும் போர்வெல் வண்டியும் நிறைந்த நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் டர்போ வேலை நடக்கிறது, சின்ன வீலை பேலன்ஸ் பண்ணும் மெஷின் வைத்திருந்தால் அவர்களுக்கு நம் ரோட்டர் அளவு பழக்கமான அளவு. பொருத்துவதற்கு ஒரு மாண்ட்ரல் (ரோட்டரைப் பிடிக்கும் தண்டு) மட்டும் கடைந்து கொண்டு போக வேண்டியிருக்கும்.

படி 5: ஹவுசிங்கும் மவுண்ட்டும்

பிளேடு நுனிக்கும் ஷ்ரவுட்டுக்கும் (பிளேடுகளைச் சுற்றியுள்ள வளையம்) 0.3 முதல் 0.5 மி.மீ. இடைவெளி நல்லது. 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ., அதனால் மூன்று பட்டைகளை அடுக்கிச் செருகி, ஒரே பிளேடை வைத்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் தாள் தாராளமாகவும் எதிர்ப் பக்கம் இறுக்கமாகவும் போனால் மோட்டார் நடுவில் இல்லை. இரண்டு எதிரெதிர்ப் பக்கம் இறுக்கம் என்றால் ஷ்ரவுட் முட்டை வடிவமாகியிருக்கிறது.

முட்டை வடிவத்துக்குக் காரணம் பெரும்பாலும் மவுண்ட்தான். ஃபேனின் நான்கு காதும் (ஸ்குரூ போடும் நீட்சிகள்) ஒரே தளத்தில் உட்காராதபோது ஸ்குரூவை இறுக்கினால் ஷ்ரவுட் முறுக்கிக்கொள்ளும். மூன்று ஸ்குரூவை மட்டும் போட்டுவிட்டு நான்காவது காதுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள், ஸ்குரூவால் இழுத்து மூடாதீர்கள். காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் இதையே செய்யும், கரூர் பரமத்தி வெயிலில் பூட்டிய காருக்குள் பிளாஸ்டிக் ஷ்ரவுட் வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஃபோம் ஜெட்டில் ஃபோமிலேயே ஸ்குரூ ஏறக்கூடாது. இரண்டு பக்கமும் 3 மி.மீ. பிளைவுட் பட்டை ஒட்டி, அதில் ஃபேனைப் பிடியுங்கள். ரப்பர் புஷ் போட்டால் அதிர்வு குறையாதா என்று கேட்பார்கள். ஃபேனில் இருக்கும் அதிர்வு அப்படியேதான் இருக்கும், விமானத்தின் உடம்புக்கு (ஃபியூஸ்லாஜ்) போவது குறையும், அதற்குப் பதிலாக இன்டேக் டக்டுக்கும் (காற்று உள்ளே வரும் குழாய்) ஃபேன் வாய்க்கும் இருக்கும் பொருத்தம் ஆடிப்போகும். காதுக்கு அடியில் மெல்லிய சிலிக்கான் பூச்சு ஒன்று போதும் என்பது என் கருத்து. உலோகத்தில் ஏறும் ஸ்குரூவுக்கு நீல நிற லாக்டைட் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை) போடலாம். பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஏபிஎஸ், பாலிகார்பனேட் ரகங்களில் விரிசல் விட வைக்கும்.

இதெல்லாம் முடித்து விமானத்தில் மாட்டிய பிறகும், குறிப்பிட்ட ஒரு திராட்டிலில் மட்டும் "ஙொய்ங்" என்று எழுந்து, அதைத் தாண்டியதும் அடங்கினால், உடம்பில் ஏதோ ஒரு பாகம் அந்த அலைவரிசைக்கு ஒத்து அதிர்கிறது. அதே திராட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொருவரை ஹேட்ச் (மேல் மூடி), டக்ட் சுவர், வால், சர்வோ கம்பி என்று ஒவ்வொன்றாக விரல் வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைத்தால் சத்தம் நிற்கிறதோ அதுதான். ஹேட்ச்சுக்குக் காந்தம் ஒன்று கூடுதலாக, கார்பன் பட்டை ஒன்று குறுக்கே, வயரை ஒரு துளி சிலிக்கானில் ஒட்டுவது, இவ்வளவில் முடியும். கைரோவை ஃபேனிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, ஃபோம் டேப்பில் ஒட்டுங்கள், அதற்கு வரும் வயர் விறைப்பாக இருந்தால் ஃபோம் டேப் வீண்.

காற்று உண்டாக்கும் அதிர்வு

பேலன்ஸ் துல்லியமாக இருந்தும் கரகரவென்று ஓடினால் இன்டேக்கைப் பாருங்கள். ஃபேன் முகத்துக்கு ஒரு பக்கம் அதிகக் காற்றும் மறு பக்கம் குறைவாகவும் வந்தால் ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு சுற்றிலும் லோடு ஏறி இறங்கும். வெறும் பெஞ்சில் ஃபேனை ஓட்டும்போது முன்னால் உருண்ட உதடு கட்டாயம் வேண்டும், கூர்மையான விளிம்போடு ஓட்டி அளப்பது அர்த்தமில்லாதது. டக்ட் இணைப்பில் படி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தை நிரப்பித் தேய்த்துவிடுங்கள். மெல்லிய டக்ட் சுவர் உறிஞ்சலில் உள்ளே வந்து படபடக்கும், வெளியிலிருந்து கண்ணாடி நார்த் துணி ஒட்டினால் அடங்கும். எக்ஸாஸ்ட்டை ரொம்பச் சுருக்கினாலும் பிளேடு ஸ்டால் ஆகி (காற்று பிளேடை விட்டு விலகி) ஊளையிடும்.

நைட்ரோ ஃபேன்

1980கள், 90களில் வந்த 7.5 சிசி, 15 சிசி என்ஜின் ஃபேன்களை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஒற்றைச் சிலிண்டர் என்ஜினை முழுவதுமாக பேலன்ஸ் செய்யவே முடியாது. பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, கிராங்க்கில் இருக்கும் எதிர் எடை அதில் ஒரு பகுதியைத்தான் சமன் செய்யும். அதனால் ஃபேனை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் மிச்சம் இருக்கும், அது மவுண்ட்டின் வேலை. கெட்டிக் கட்டையில் என்ஜின் காதுகள் முழுசாகப் படியும்படி உட்கார வைத்து, டியூன்டு பைப்பை (புகைக்குழாய்) தனியாக ரப்பரில் தாங்க விடுங்கள். டேங்க்கை ஸ்பாஞ்ச் சுற்றி வையுங்கள், உடம்பில் நேரடியாகப் பட்டால் எரிபொருள் நுரைத்து, குமிழி போய், என்ஜின் லீனாகி (எரிபொருள் குறைந்து) நடுவானில் நின்றுவிடும். மையமும் ரோட்டர் பேலன்ஸும் மேலே சொன்ன அதே முறைதான், வேகம் 20,000 சொச்சம்தான் என்பதால் கொஞ்சம் சலுகை உண்டு.

ஓட்டும்போது

கண்ணுக்குப் பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். ரோட்டர் சுற்றும் தளத்துக்கு நேராக நீங்களும் நிற்காதீர்கள், வேடிக்கை பார்க்க வரும் பையன்களையும் நிற்க விடாதீர்கள். தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், இன்டேக் ஒரு நொடியில் இழுத்துக்கொள்ளும். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் பக்கம் பக்கமாக இருப்பதால், பறக்கும் இடத்தை முடிவு செய்யுமுன் டிஜிட்டல் ஸ்கை (ஆளில்லா விமானங்களுக்கான அரசு வான்வெளி) வரைபடத்தில் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்த்துவிடுங்கள்.

செம்மண் தரையில் நேராக வைத்துத் திராட்டில் ஏற்றினால் அத்தனை பொடிக்கல்லும் உள்ளே போகும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூசி, திருப்பூர் பக்கம் பஞ்சு, ஏதோ ஒன்று ஹப்பில் ஒட்டிக்கொண்டு பேலன்ஸைக் கெடுக்கும். கீழே ஒரு தார்ப்பாய் விரியுங்கள். ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரோட்டரைக் கையால் ஒரு சுற்று, பிளேடு நுனிகளில் விரலால் ஒரு தடவு, ஹப்பைத் துணியால் ஒரு துடை. கல் பட்டு நுனி நசுங்கியிருந்தால் அந்த ரோட்டரைத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம், புதியது மாட்டிப் படி 3இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அடாப்டரைக் கழற்றவில்லை என்றால் படி 1, 2 தேவையில்லை.